தேத்தண்ணி நேரத்து ஒப்பாரி

சிலிபின், ஈப்போ
12.3.1979

அக்காவுக்குப் பாப்பா எழுதுவது.

‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்க வேண்டுமாம். நீ நலமாக இல்லை என்பதை நேரிலேயே பார்த்துவிட்டதால் அந்த வரியை மிச்சம் பிடித்துவிட்டேன்.

நீ வந்துபோன இரண்டு நாளும் நம் வீட்டில் எல்லாரும் கதவைப் பற்றியே பேசினோம். கண்ணுக்குக் கீழே ஏன் கன்றியிருக்கிறது என்று அம்மா கேட்டாள். கதவு இடித்துவிட்டது என்றாய். பார்த்து நடக்கக்கூடாதா என்றாள் அம்மா. நானும் பதினைந்து வருஷமாகக் கதவுகளைப் பார்க்கிறேன். திறக்கும், மூடும், மழைக்கு உப்பிக்கொண்டு அடம்பிடிக்கும். சம்சு குடித்துவிட்டு எழுந்து வந்து அறைகிற கதவை பீடோர்ப் பக்கம்தான் செய்கிறார்கள் போல. அந்தக் கதவுக்கு மாயாண்டி என்று பெயர். எனக்கு மாமா முறை.

நீ கொண்டுவந்த கொய்யாப் பழங்களைக் கொட்டிவிட்டு, அதே பையில் ஊறுகாயை வைத்து, அம்மா உன்னைத் திரும்ப பஸ் ஏற்றினாள். “புருஷன் வீடுன்னா நாலும் இருக்கும்லா, பொறுத்துப் போ” என்றாள். நாலும் என்றால் என்னென்ன என்று நான் கேட்டதற்கு எனக்கும் ஒரு கதவு கிடைத்தது, முதுகில்.

இதெல்லாம் எனக்குப் பழக்கம். பழக்கமில்லாதது ஒன்றுதான். குலசிங்கம் வாத்தியாரின் நாற்காலியில் பலாப்பால் தடவி, அவர் எழும்போது நாற்காலியும் கூடவே எழுந்து கணக்குப் போட வந்த கதையைச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. தூக்கத்தில் கிச்சுகிச்சு மூட்டினாலும் சிரிக்கிற ஆள் நீ. எனக்குப் பயமாகிவிட்டது.

ஆகவே உன் புருஷனைக் கொன்றுவிட்டேன். பயப்படாதே, தாளில்தான். போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. செத்தவரின் மனைவி ஒப்பாரி வைத்தாளே, முப்பது வருஷத்து வசவை எல்லாம் ராகம் போட்டு அவர் காதிலேயே பாடினாள். ஒருவரும் தடுக்கவில்லை. பொம்பிளைகள் நினைத்ததைச் சொல்ல ஒப்பாரி ஒன்றுதான் இடம். ஆனால் அதற்கு ஆள் சாக வேண்டியிருக்கிறது. அதுவரை காத்திருந்தால் உனக்கு முகம் மிஞ்சாது. அதனால் முன்கூட்டியே:

கடைத்தெருச் சம்சுவுக்குச்
சிரிச்ச முகம் காட்டினீரே
வீட்டுப்படி ஏறுகையில்
விரலைத்தான் மடக்கினீரே
பீப்பாயில் விழுந்தீர்னு
பதறி நான் ஓடிவந்தேன்
எட்டி நான் பார்க்கையிலே – என் ராசா
எனக்கொரு சொட்டும் மிச்சமில்லை

கிழவியானாலும் பாப்பாவாகவே இருக்கப்போகும்,
பாப்பா


ஒன்பதாங்கட்டைத் தோட்டம், பீடோர்
25.3.1979

பாப்பா,

உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரி பாடக்கூடாது. சாவை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரி அது. உனக்கே தெரியும். தெரிந்தும் எழுதியிருக்கிறாய்.

உன் மாமாவுக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்குத்தான் வாய்க்கரிசி.

வீட்டில் கிழித்தால் துண்டு கிடக்கும் என்று ரப்பர்க் காட்டுக்கு எடுத்துப்போனேன். பாலுக்குப் பட்டை சீவி மரம் வெட்டி முடித்து, மங்குக் கிண்ணங்களில் பால் சொட்டி நிறையும்வரை மரத்தடியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்போம் இல்லையா, அப்போது கிழிக்கலாம் என்று நினைத்தேன். கிழிக்குமுன் இன்னொரு தடவை படித்தேன். சொட்டும் மிச்சமில்லை என்ற இடத்தில் தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது. பக்கத்து நிரையில் மரம் வெட்டுகிற ராக்காயி அக்கா, எனக்கு வலிப்பு வந்துவிட்டது என்று சாவியைத் தேடிக்கொண்டு ஓடிவந்தாள். என்னவென்று சொல்லாமல் விடமாட்டேன் என்றாள். பாடிக் காட்டினேன்.

அவள் தன் தேத்தண்ணியை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, தன் வீட்டுக்காரர் உடையப்பனுக்கும் ஒன்று கேட்டு எழுதச் சொன்னாள். அவள் வளர்த்த முட்டைக் கோழியை அவர் விற்றுக் குடித்துவிட்டார்.

சும்மா சிரிப்பதற்குத்தான். ஒன்றே ஒன்று எழுது. அதோடு நிறுத்திவிடு.

கன்றினது ஆறிவிட்டது.

செல்லாயி


சிலிபின்
2.4.1979

அக்காவுக்கு,

ஆர்டர் கிடைத்தது. கோழி விஷயம் என்பதால் சுடச்சுட:

முட்டையிடும் கோழியைத்தான்
மூணு புட்டிக்கு வித்தவரே
கொக்கரிக்கும் சத்தம் கேட்டுக்
குழிக்குள்ளே போனவரே
பாடையிலே படுத்தாலும்
பசியடங்காப் புண்ணியரே
வாய்க்கரிசி போட வந்தோம்
வாயைக் கொஞ்சம் மூடுமய்யா

ராக்காயி அக்காவுக்கு முதல் பாட்டு இலவசம். அடுத்ததுக்கு ஒரு கோழி.

இப்போது சிரிக்காமல் ஒன்று. எழுதி எழுதி அடித்தேன், அதனால்தான் இங்கே தாள் ஓட்டையாகியிருக்கிறது. நீ வந்துவிடேன் அக்கா. என் பாயில் சுவர் ஓரமாக நகர்ந்து படுத்துப் பார்த்தேன். தாராளமாக இடம் இருக்கிறது. அம்மா சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவிவிட்டு வந்து என்ன சொல்வாள் என்று தெரியும். நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பாள். அந்த நாலு பேரையும் நான் இன்றுவரை பார்த்ததில்லை. பார்த்தால் அவர்களுக்கும் ஒரு ஒப்பாரி இருக்கிறது.

பாப்பா


ஒன்பதாங்கட்டைத் தோட்டம்
20.5.1979

பாப்பா,

உன் கடிதங்களை எல்லாம் ரொட்டி டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்றே ஒன்று என்று சொன்னவளும் நான்தான், வாரா வாரம் கேட்டு எழுதுகிறவளும் நான்தான்.

இப்போது தேத்தண்ணி நேரம் முன்போல இல்லை. எங்கள் பக்கத்து நிரைப் பொம்பிளைகள் எல்லாரும் ஒரே மரத்தடிக்கு வந்துவிடுகிறார்கள். நல்லம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்கிறாள். வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, நிஜச் சாவு வீடு மாதிரியே ஆடி ஆடிப் பாடுகிறோம். யாருடைய புருஷன் முறையோ அவள் நடுவில். பாடி முடித்து விழுந்து விழுந்து சிரிக்கிறோம்.

போன வாரம் ராக்காயி அக்கா சிரித்துக்கொண்டே இருந்தவள் நிஜமாக அழுதுவிட்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தோளைப் பிடித்திருந்த கைகளை இறுக்கிக்கொண்டோம். அவள் ஓய்ந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு பால் எடுக்கப் போனோம். கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்த மாதிரி இருந்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

அம்மாவிடம் சொல்லாதே. புதன்கிழமை உன் மாமா அறைந்ததில் இடது காது போய்விட்டது. உள்ளே பஸ் நின்று இரைகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் இருக்கிறது. குழம்பில் உப்பு இல்லை. அதற்காக.

இந்த வாரம் பெரிதாக எழுது. பீப்பாயெல்லாம் வேண்டாம். சைக்கிளில் போகும்போது போகட்டும். பீடோர் ரோட்டில்.

செல்லாயி


சிலிபின்
28.5.1979

அக்காவுக்கு,

காதைப் பற்றிப் படித்த பிறகு வேடிக்கையாக ஒன்றும் வரவில்லை. ஆனால் நீ கேட்டிருக்கிறாய்.

மணியடிச்சுப் போறவரே
மண்ணுக்கென்ன அவசரமோ
மிதிச்சுப் பழகின கால்
மிதிவண்டியும் அறியலையோ
முன் சக்கரம் சுடுகாடு
பின் சக்கரம் எங்க வீடு
நடுவிலே நான் எதுக்கு
நல்லபடி போய் வாரும்

டாக்டரிடம் காட்டு. உப்பில்லாத குழம்புக்குக் காதென்றால், உப்புக் கூடினால் எதை எடுப்பார் என்று யோசித்தேன். பிறகு யோசிக்கவில்லை.

பாப்பா


ஒன்பதாங்கட்டைத் தோட்டம்
2.7.1979

பாப்பா,

கருமாதி முடிந்துவிட்டது. அம்மா வந்து சொல்லியிருப்பாள். பாப்பாவைக் கூட்டி வராதே என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

என் காதில் சீழ் வைத்துவிட்டது. தலையணையில் இருந்ததை உன் மாமா பார்த்தார். அதற்குப் பிறகு சில நாள் குடிக்காமல் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. சைக்கிளை எடுத்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அடி விழுமோ என்று கேட்கவில்லை. பீடோர் மருந்துக் கடையில் என் காதுக்குச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது மர லாரி அடித்துவிட்டது. சட்டைப் பையில் மருந்துப் புட்டி உடையாமல் இருந்தது. அதற்குக் கீழே நெஞ்செலும்பு எல்லாம் உடைந்திருந்தது.

கொண்டுவந்து கிடத்தியதும் குனிந்து அவர் வாயை முகர்ந்து பார்த்தேன். பழக்கம். சம்சு வாடை இல்லை.

பொம்பிளைகள் வந்து சுற்றி உட்கார்ந்து என் தோளைப் பிடித்தார்கள். நான் எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று காத்திருந்தார்கள். வாயைத் திறந்தேன். “மணியடிச்சுப் போறவரே” என்று வந்தது. எனக்கு வேறு ஒன்றும் வரவில்லை பாப்பா. என் வாய் முழுக்க நீ நிரப்பி வைத்திருந்தாய். அடுத்த வரி அங்கே எல்லாருக்கும் தெரியும். யாரும் எடுக்கவில்லை.

ராக்காயி அக்காதான் முதலில் என் தோளிலிருந்து கையை எடுத்தாள். “பாடியே அனுப்பிட்டாடி இவ” என்றாள். மூன்று பாட்டுக் கேட்டு வாங்கினவள் அவள். பிறகு ஒவ்வொருத்தியாகக் கையை எடுத்தார்கள். பிணத்துக்கு முன்னால் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது தேத்தண்ணி நேரத்தில் என் பக்கம் யாரும் வருவதில்லை.

மருந்தை விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சீழ் நின்றுவிட்டது. கேட்கத்தான் இல்லை.

நீ எழுதினாய், அவர் போனார். இனி எனக்கு எழுதாதே.

செல்லாயி


சிலிபின்
10.7.1979

அக்கா,

எழுதாதே என்றால் எழுதுவேன் என்று உனக்குத் தெரியாதா?

சைக்கிளில் போகட்டும், பீடோர் ரோட்டில் போகட்டும் என்று எழுதின கை யாருடையது? உன் கடிதம் என்னிடமும் இருக்கிறது, அனுப்பட்டுமா? சாவு எப்படி வேண்டும் என்று நீ அளவு கொடுத்தாய், நான் தைத்துக் கொடுத்தேன். இப்போது சட்டை பொருந்திவிட்டதும் தையற்காரி கொலைகாரியா?

என் பாட்டுக்கு அவ்வளவு சக்தி இருந்தால் குலசிங்கம் வாத்தியார் போன வருஷமே புகைந்திருப்பார். அவருக்கு இதுவரை ஜலதோஷம்கூட வரவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். உன் காதைக் கிழித்தவன் அவன். ஒரு புட்டி மருந்து வாங்கினதற்காக அவனைச் சாமியாக்கிவிட்டாய். மருந்து வாங்காமல் அடித்துக்கொண்டே இருந்திருந்தால் இப்போது என்னோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருப்பாய். செத்ததும் நல்லதுக்குத்தான். நீ நினைத்ததைத்தான் நான் எழுதினேன், நீ நினைப்பதைத்தான் இப்போதும் எழுதுகிறேன்.

பாப்பா


சிலிபின்
4.8.1979

அக்கா,

போன கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்ட கையோடு திரும்ப எடுக்கப் பார்த்தேன். கை மணிக்கட்டு வரைதான் உள்ளே போயிற்று. தபால்காரர் வந்து திறக்கும்போது கெஞ்சினேன். அரசாங்கச் சொத்து என்றார்.

அம்மா உன்னைப் பற்றிப் பேசுவதில்லை. தட்டுக் கழுவிக் கழுவித் தோல் உரிந்த கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு ஒரு வார்த்தை எழுது. திட்டியாவது எழுது. நான் இப்போது பள்ளிக்கூடத்தில் யாரையும் சீண்டுவதில்லை. உடம்பு சரியில்லையா என்று குலசிங்கம் வாத்தியாரே கேட்டுவிட்டார்.

பாப்பா


ஒன்பதாங்கட்டைத் தோட்டம்
19.8.1979

பாப்பா,

உனக்காக எழுதவில்லை. எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

உடையப்பன் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். அடுத்தது அவர்தான் என்று ராக்காயி அக்கா தலையில் அடித்துக்கொண்டு முனியாண்டி கோயிலுக்கு ஓடினாள். மற்றவர்களும் பயந்து பின்னாலேயே போனார்கள். எல்லாருடைய புருஷனையும் நாம் பாடித்தானே வைத்திருக்கிறோம்.

பூசாரி சொன்னாராம், சுடுகாடு வரை பாடிவிட்டவர்களைத் திரும்பத் தொட்டில் வரை பாடிக் கொண்டுவர வேண்டும் என்று. ஒப்பாரி பாடின ஒவ்வொரு ஆம்பிளைக்கும் ஒரு தாலாட்டு. எழுதினவளேதான் அதையும் எழுத வேண்டுமாம். பாடுவதற்கு நல்லம்மாளைப் பேசி வைத்திருக்கிறார்கள். நான் தாலி அறுத்தவள், தாலாட்டுப் பக்கம் நிற்கக்கூடாது. ஒரு உயிரைப் பாடி அனுப்பினவள் குறுக்கே நின்றால் இன்னொன்றும் போய்விடுமாம். என்னை வைத்துக்கொண்டே சொன்னார்கள். என் செவிட்டுப் பக்கமாக நின்று சொன்னார்கள், கேட்காது என்று நினைத்து. கேட்டது.

என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள் எல்லாரும்.

பெயர்கள் உனக்குத் தெரியும். எழுதி அனுப்பு.

செல்லாயி


சிலிபின்
27.8.1979

அக்கா,

தாலாட்டுகள் உள்ளே இருக்கின்றன. எடுத்துப் பார்த்தால் கோழி மையில் காலை நனைத்துக்கொண்டு தாள் மேல் கூத்தடித்த மாதிரி இருக்கும். வேண்டுமென்றேதான். சின்ன வயதில் நீ என் கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தபோது நான் கிறுக்கின அதே கிறுக்கல். உலகத்தில் இதைப் படிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணியாரிடம் காட்டினாலும் சரி, வாத்தியாரிடம் காட்டினாலும் சரி. நல்லம்மாள் தலைகீழாகத் தொங்கிப் பார்த்தாலும் ‘ஆராரோ’வுக்கு மேல் நகராது.

புருஷன்கள் பிழைக்க வேண்டுமானால் உன்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தட்டும். வேண்டாம் என்றால் தாலி அவர்களுடையது, யோசித்துக்கொள்ளட்டும்.

உடையப்பன் அண்ணனுக்கு எழுதினது இது, உனக்காகத் தெளிவாக:

ஆராரோ ஆரிரரோ
அரைமொட்டைக் கண்ணுறங்கு
தொட்டிலுக்குள் அடங்காத
தொப்பையே கண்ணுறங்கு
கோழி வித்த கையாலே
கொசு விரட்டிக் கண்ணுறங்கு
விடிஞ்சதும் எழுந்திருச்சுப்
பெரட்டு வேலைக்குப் போகணும்லா

மாமாவுக்கும் ஒன்று எழுதப் பார்த்தேன். வரவில்லை.

பாப்பா


ஒன்பதாங்கட்டைத் தோட்டம்
16.9.1979

பாப்பா,

உன் கிறுக்கலை நல்லம்மாள் பார்த்தாள், கிராணியார் பார்த்தார், பூசாரி கற்பூர வெளிச்சத்தில் பார்த்தார். கடைசியில் ராக்காயி அக்கா என் வாசலுக்கு வந்து, முகத்தைப் பார்க்காமல், வாடி என்றாள்.

கோயிலுக்குள் விடவில்லை. காட்டுக்குப் போகிற வழியில் தண்ணீர் ஓடுகிற ஒரு காண் இருக்கிறதே, அதற்கு இந்தப் பக்கம் நின்று படிக்கச் சொன்னார்கள். அந்தப் பக்கம் ஆம்பிளைகளை வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொருத்தியும் தன் புருஷன் தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் காணுக்கு இப்பால் நின்று அத்தனை பேருக்கும் தாலாட்டினேன். உடையப்பன் அண்ணன் நடுவிலேயே தூங்கிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. முடிந்ததும் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் கலைந்தார்கள். நீ நினைத்தது நடந்தது, என்னைப் பக்கத்தில் நிறுத்த வைத்துவிட்டாய். பக்கத்தில் நிற்பது எனக்கு எப்படி இருந்தது என்று நீ யோசித்திருக்க மாட்டாய்.

அதோடு போகவில்லை. காய்ச்சல் விட்டு உடையப்பன் அண்ணன் கள்ளுக்கடைக்குப் போனார். அங்கே எல்லாரும் அவரைத் தொப்பையே கண்ணுறங்கு என்று பாடிக் கேலி செய்திருக்கிறார்கள். ஒருவன் பால் புட்டி கொண்டுவந்து மேசையில் வைத்தானாம். வீட்டுக்கு வந்து ராக்காயி அக்காவின் கையை உடைத்துவிட்டார். முழங்கைக்குக் கீழே. மரம் வெட்டுகிற கை. உன் பாட்டு எதைச் செய்தாலும் எங்கள் உடம்பில்தான் வந்து முடிகிறது.

நேற்றுத் தேத்தண்ணி நேரத்தில் அவள் என் மரத்தடிக்கு வந்தாள். கட்டுப்போட்ட கையோடு. சுற்றிப் பார்த்துவிட்டு என் வலது பக்கமாக வந்து உட்கார்ந்தாள், எனக்குக் கேட்கிற பக்கம். “உன் புருஷனுக்குப் பாடினியே, அந்த மாதிரி ஒண்ணு வேணும். சிரிக்கிறதுக்கு இல்ல. வேலை செய்யணும்” என்றாள்.

பாட்டால் யாரும் சாகமாட்டார்கள் அக்கா, லாரி அடித்துத்தான் அவர் செத்தார் என்றேன். எனக்கே சொல்லிக்கொள்ளாததை அவளுக்குச் சொன்னேன். பானையில் அரிசியை வைத்துக்கொண்டு இல்லை என்கிறவளைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தாள். பாட்டு இல்லாவிட்டால் பரவாயில்லை, புல்லைக் கொல்ல அடிக்கிற மருந்து இருக்கிறது என்றாள். ஸ்டோரிலிருந்து ஒரு புட்டி எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறாளாம். யாருக்கு என்று கேட்டேன். இன்னும் முடிவு பண்ணவில்லை என்றாள்.

புட்டியைக் கொடு என்று கெஞ்சினேன். மாட்டேன் என்கிறாள். எழுதி வாங்கித் தருகிறேன், அதுவரை அதைத் தொடாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் தோளிலிருந்து முதலில் கையை எடுத்தவளின் தோள். பிடிக்கும்போது எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. என்னையும்தான் மன்னிக்கவில்லை. அந்தக் கணக்கு அப்படியே கிடக்கட்டும். நீ ஒன்று எழுது. அவள் கேட்கிற மாதிரி வேண்டாம், நமக்குத் தெரிந்த மாதிரி எழுது. அந்தப் பொம்பிளை ஒரு தடவை வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். சீக்கிரம்.

செல்லாயி


சிலிபின்
19.9.1979

அக்கா,

கடிதம் வந்ததும் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் போகவில்லை.

பால் புட்டி விஷயம் எனக்குத் தெரியாது. தொப்பை என்ற வார்த்தையை எழுதிவிட்டு நானே மெச்சிக்கொண்டேன். அது ஒரு கையை உடைக்கும் என்று நினைக்கவே இல்லை.

இந்த முறை எழுதினதைவிட அடித்ததுதான் அதிகம். லாரி வந்தது, அடித்தேன். மின்னல் வந்தது, அடித்தேன். பாம்பு, மரம், ஆறு எல்லாம் வந்தன. ஒவ்வொன்றும் நடந்துவிடக்கூடியது. யோசித்து யோசித்து, எந்தக் காலத்திலும் யாருக்கும் வரவே முடியாத ஒரு சாவாகத் தேடி எழுதியிருக்கிறேன். இதைக் கேட்டுவிட்டு வேலை செய்யுமா என்று ராக்காயி அக்கா கேட்டால், செய்யும், தொண்ணூறு வயது வரை பொறுத்திருக்க வேண்டும் என்று சொல்.

தொண்ணூறு வயசாகித்
தொப்பையெல்லாம் வத்தினபின்
வித்த கோழி அத்தனையும்
விருந்தாட வந்ததய்யா
ஆளுக்கொரு பக்கமாக
அலகாலே தூக்குதய்யா
வானத்திலே போகையிலே
வழுக்கி நீர் விழுந்தீரே
செம்பனை உச்சியிலே
சிக்கித்தான் தொங்குறீரே
இறக்கிவிட நான் வரவா – என் ராசா
தேத்தண்ணி ஆறிப்போகும்

தேத்தண்ணி நேரத்திலேயே பாடு. மங்கு நிறையுமுன். கடைசி வரியில் அவள் கையில் தேத்தண்ணி இருக்கட்டும். அவள் ஒரு கையால்தான் குடிக்க முடியும், பிளாஸ்க் மூடியை நீ பிடித்துக்கொள்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டிவிட்டேன், உன் காது போன கடிதத்திலிருந்து. அவள் கடைக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறாள். பாயைப் பெரிதாக வாங்கலாமா என்று மட்டும் கேட்டாள். நீயும் வா, ராக்காயி அக்காவையும் கூட்டிக்கொண்டு வா. இங்கே யாரும் கதவைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

முதலில் அவள் சிரித்தாளா என்று எழுது. சிரித்தால், அந்தச் சிரிப்பு ஆறுமுன் அவளோடு வீட்டுக்குப் போய் அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விடு.

சிரிக்கவில்லையென்றால் கடிதம் போடாதே. தந்தி அடி. இன்னொன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பாப்பா